ஆஷன்ரோடேக்காரர்கள் இறைத்த மழை

ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பெருமை வாய்த்திருக்கும். ஒன்றில் ஏதாவது மன்னர் ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போயிருப்பார். இன்னொன்றில் ஒரு கவிஞர் காய்ச்சலில் படுத்திருப்பார். ஆஷன்ரோடேக்கு வாய்த்தது மழை. அதுவும் வானத்திலிருந்து வந்த மழை அல்ல.

படங்கள் இன்னும் வாய் திறந்து பேசாத காலத்தில், பெர்லினிலிருந்து ஒரு படக் கம்பெனி வந்து, ஊர்ச் சந்தைச் சதுக்கத்தில் 'நிழல்களின் நீதிபதி' படத்தின் கடைசிக் காட்சியை எடுத்தது. ஒரு பாவமும் அறியாத பெண்ணைத் தூக்குக்கு அனுப்பிவிட்ட நீதிபதி, கொட்டும் மழையில் நீரூற்றின் முன்னால் மண்டியிட வேண்டும். கம்பெனி வந்த வாரம் பார்த்து வெயில் மண்டையைப் பிளந்தது. ஊர்க்காரர்களே சம்பளமில்லாமல் நடத்தும் தீயணைப்புப் படையின் ஆட்கள் கைப்பம்பை இழுத்து வந்தார்கள், கூரைமேல் குழாயை ஏற்றினார்கள், ஆள் மாற்றி ஆள் அடித்து இறைத்து மழையைப் பெய்ய வைத்தார்கள். படம் தேசம் தேசமாக ஓடியது. சினிமா பற்றிய தடித்தடிப் புத்தகங்களில் நனைந்த அந்த முகம் இன்னமும் அச்சாகிக்கொண்டிருக்கிறது. ஒரு புத்தகத்திலாவது ஆஷன்ரோடே என்ற பெயர் கிடையாது. ஆஷன்ரோடேக்காரர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. அந்தப் படத்தைக் காட்டினால் அவர்கள் நீதிபதியைப் பார்ப்பதும் இல்லை. "நம்ம தண்ணி" என்பார்கள், நெஞ்சு விம்ம.

மூன்று வயல் தாண்டி இருக்கும் மோல்விட்ஸ்காரர்களுக்கு இதைக் கேட்டால் வயிறு எரியும். ஆஷன்ரோடேயின் பம்ப் அன்றைக்கு ரிப்பேர், மழை பெய்தது மோல்விட்ஸ் பம்பில்தான் என்பது அவர்கள் கட்சி. இந்த விவகாரத்தால் இரண்டு கல்யாணங்களில் கைகலப்பே ஆகியிருக்கிறது.

ஆஷன்ரோடேயிலேயே இந்த மழையை அதிகமாகக் கொண்டாடியவர் எக்பர்ட் ஹாபர்கோர்ன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தீயணைப்புப் படையின் பேண்டு வாத்தியக் குழுவுக்கு அவர்தான் தலைவர். அதில் டியூபாவும் ஊதுகிறவர். டியூபா என்பது ஆளை அணைத்துக்கொண்டு உட்காரும் அளவுக்குப் பெரிய பித்தளை வாத்தியம். எல்லாரும் மேலே மெட்டை வாசிக்கும்போது அது அடியில் கிடந்து "பூம், பூம்" என்று தாங்கிக்கொண்டிருக்கும். எக்பர்ட்டின் தாத்தா அந்தப் பம்பின் இடதுபக்கப் பிடியில் நின்றவர். அவர் பஸ் ஓட்டிய காலத்தில் இது தெரியாதவர்கள் அதில் ஏறவே முடியாது. ஏறினாலும் தெரியாமல் இறங்க முடியாது. அவர் மனைவி ஹெல்மா சொல்வாள்: "உன் தாத்தா இறைச்ச தண்ணியில நான் கல்யாணமான நாள்லேர்ந்து நனைஞ்சுக்கிட்டு இருக்கேன். இன்னும் ஒரு துண்டு குடுத்த பாடில்ல."

இந்தக் கதை நடந்த வருஷம் படைக்குப் பெரிய ஆண்டு நிறைவு விழா. ஆவணக் காப்பகம் ஒன்று படத்தைத் தூசி தட்டி, கீறல் நீக்கி, புத்தம் புதிதாக்கி வைத்திருந்தது. அதை வரவழைத்துத் தீயணைப்பு நிலையத்திலேயே திரை கட்டி, நேரடி இசையோடு காட்டுவது என்று முடிவாயிற்று. இசை யாருடையது என்பதில்தான் சிக்கல் வந்தது.

மூன்று பேர் சேர்ந்தால் ஒரு சங்கம் ஆரம்பித்து, நாலாவது ஆளைப் பிடித்துப் பொருளாளர் ஆக்கிவிடும் ஊர் அது. ஆகவே பண்பாட்டுச் சங்கம் கூடியது. அதன் தலைவர் டாக்டர் லோத்தார் எபர்வைன். முனைவர் பட்டம் வாங்கி, உயர்நிலைப் பள்ளியில் இலக்கியம் நடத்தி ஓய்வு பெற்றவர். கோடையிலும் கழுத்தில் சால்வை. எந்த வாக்கியத்தையும் ஒரே மூச்சில் முடிக்காதவர். லைப்சிக் நகரத்தில் நாலு பேர் இருக்கிறார்கள், வயலினின் முதுகைத் தட்டியே ஒரு மணி நேரம் கச்சேரி செய்வார்கள், அவர்களை அழைப்போம் என்றார் அவர். தீயணைப்பு நிலையத்தில் தீயணைப்பு பேண்டு வாசிக்காமல் வயலினைத் தட்டுகிறவனுக்கு என்ன வேலை என்று கேட்டார் எக்பர்ட். பியர்ப் பந்தலில் வாசிக்கிறவர்கள் மகத்தான கலைப்படைப்பின் பக்கத்தில் வரலாமா என்று, இவ்வளவு பச்சையாக இல்லாமல், இதைவிட நீளமாகக் கேட்டார் டாக்டர். இரண்டு தரப்பிலும் ஓட்டு வைத்திருந்த மேயர் பேண்டே வாசிக்கட்டும் என்றார். மேற்பார்வை டாக்டருடையது என்றும் சேர்த்துக்கொண்டார்.

டாக்டர் மேற்பார்வையைக் கையோடு எடுத்துக்கொண்டார். முழுப் படத்துக்கும் பியானோ வாசித்த ஒரு பதிவைத் தன் மடிக்கணினியில் ஏற்றி, ஒலிபெருக்கியோடு இணைத்து, முன் வரிசையில் மடிமேல் வைத்துக்கொண்டு உட்காரப் போவதாக அறிவித்தார். பேண்டு எங்காவது தடுமாறினால் ஒரு விரலால் ஒரே ஒரு தட்டு. பியானோ தொடங்கிவிடும், படம் தப்பித்துவிடும்.

"உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல, ஹாபர்கோர்ன். படத்து மேல இருக்கிற மரியாதை."

செருப்பைப் பட்டுத்துணியில் சுற்றி அடித்தது போல இருந்தது எக்பர்ட்டுக்கு. அன்றைக்கு ராத்திரி வீட்டில் அதையே சொல்லிப் புலம்பினார். அந்த விரல் ஒரு தடவை கீழே விழுந்தால் போதும். ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கும் இடத்தில், தாத்தாவின் மழைக்கு நடுவில், பேண்டின் கதை முடிந்தது. அப்புறம் மதுக்கடையில் தன் வழக்கமான மேஜைக்கு எந்த முகத்தோடு போவது? மோல்விட்ஸ்காரன் எவனாவது கேள்விப்பட்டால்?

"விரல்தானே," என்றாள் ஹெல்மா. "கதவிடுக்குல வெச்சு நசுக்கிடு."

எக்பர்ட் வேறு வழி பார்த்தார். குழுவுக்குத் தெரிந்தது அணிவகுப்புப் பாட்டுகள், குடிப்பாட்டுகள், கிறிஸ்துமஸுக்கு நாலு துதிப்பாட்டு. இதை வைத்துக்கொண்டு தூக்குமேடைக்கு எப்படி வாசிப்பது? கவலையோடு ஒரு நாள் சமையலறையில் ஊதிக்கொண்டிருந்தபோது தற்செயலாக அதைக் கண்டுபிடித்தார்: எந்த அணிவகுப்புப் பாட்டையும் பாதி வேகத்தில் வாசித்தால் சோகமாகிவிடும். கால் வேகத்தில் வாசித்தால் தத்துவமாகிவிடும். 'இன்னொரு குவளை ஊற்றடி ரோசா' என்ற பாட்டை அவர் நத்தை வேகத்தில் ஊதியபோது, மாடி வீட்டுக்காரி இறங்கி வந்து யார் தவறிவிட்டார் என்று விசாரித்தாள்.

அதற்கப்புறம் மூன்று மாதம் பயிற்சி. கடைசி மழைக் காட்சிக்குப் படையின் சொந்த அணிவகுப்புப் பாட்டையே வைத்திருந்தார், பாதி வேகத்தில். மேலே டிரம்பெட்டில் ஃபால்கோ மெட்டை ஏந்திப் போவான், நடுவில் மற்ற குழல்கள், அடியில் டியூபா. ஃபால்கோ கூரை வேலைக்காரன், இப்போதைய படைத்தலைவன். பயிற்சியில் அந்த இடம் வந்தபோதெல்லாம் அவனுக்கே கண் கலங்கிற்று. சளி என்று சொல்லிக்கொண்டான்.

நவம்பர் ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம். தீயணைப்பு வண்டிகளை முற்றத்தில் நிறுத்திவிட்டு, அவை நின்ற கூடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். வாசலில் ஹெல்மா கரியடுப்பில் சாசேஜ் எனும் தொத்திறைச்சி வாட்டிக்கொண்டிருந்தாள். ஊரே வந்திருந்தது. மோல்விட்ஸிலிருந்து ஒருவரும் வரவில்லை. அது எல்லாருக்கும் திருப்தியாக இருந்தது.

டாக்டர் எபர்வைன் முன்னுரை வழங்கினார். இதுவரை நிழல் என்று தாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது ஒரு குடியரசின் வீழ்ச்சி என்பதையும், படிக்கட்டு என்று நினைத்தது மனிதனின் அகம் என்பதையும் ஆஷன்ரோடே மக்கள் முதல் முறையாகத் தெரிந்துகொண்டார்கள். தொத்திறைச்சி ஆறியது. மழையைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கடைசியில் உட்கார்ந்து, மடிக்கணினியைத் திறந்து, வலது ஆள்காட்டி விரலை அதன்மேல் அந்தரத்தில் நிறுத்திவைத்தார். எக்பர்ட் உட்கார்ந்த இடத்திலிருந்து திரையும் தெரிந்தது, விரலும் தெரிந்தது.

படம் தொடங்கிற்று. பேண்டு தடுமாறவில்லை. நீதிபதி தீர்ப்பெழுதும் இடத்தில் ரோசாவின் குவளை அழுதது. பெண்ணைக் கூட்டிப்போகும் இடத்தில் கிறிஸ்துமஸ் துதிப்பாட்டு அதைவிட அழுதது. பின் வரிசைகளில், அது எங்க வீட்டுச் சுவர், அந்தப் புகைக்கூண்டு எங்க மாமாவோடது என்று சொத்துரிமை பேசிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கொஞ்சம் கொஞ்சமாக வாயை மூடினார்கள். இரண்டு இடத்தில் விரல் தாழ்ந்து வந்தது. இரண்டு இடத்திலும் எக்பர்ட்டின் மூச்சும் நின்று வந்தது. பேண்டு சமாளித்துக்கொண்டது.

திரையில் நீதிபதி தன் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். அடுத்தது சதுக்கம். அதற்கடுத்தது மழை. ஃபால்கோ டிரம்பெட்டை உதட்டுக்குக் கொண்டுபோனான்.

அந்த நேரம் பார்த்து அவன் இடுப்பில், தீ என்றால் படைக்காரர்களைக் கூப்பிடும் பேஜர் அலறிற்று. ஒரு நொடி கழித்துப் பக்கத்து ஆளின் இடுப்பில். அப்புறம் பேண்டில் எல்லார் இடுப்பிலும், கூட்டத்தில் அங்குமிங்கும், முன்னும் பின்னுமாக, காதைக் கிழிக்கும் கீச்சொலி.

பேண்டுக்காரர்கள் வாத்தியங்களை நாற்காலிமேல் வைத்தார்கள், மெதுவாக, பிள்ளையைத் தொட்டிலில் விடுகிறமாதிரி. எழுந்து போனார்கள். கூட்டத்திலும் சிலர் எழுந்தார்கள். மற்றவர்கள் காலை ஒடுக்கி வழி விட்டார்கள்.

எக்பர்ட்டின் கை தன் இடுப்புக்குப் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை. வசந்த காலத்தில் அவருக்கு வயது வரம்பு வந்து, பேஜரை வாங்கிக்கொண்டு, ஒரு பாராட்டுப் பத்திரத்தையும் ஒரு கூடை இறைச்சியையும் கையில் கொடுத்து அவரை மூத்தோர் பிரிவுக்கு உயர்த்தியிருந்தார்கள். அந்தப் பிரிவுக்காரர் பேண்டில் ஊதலாம், வண்டியில் ஏறக் கூடாது. பாதி எழுந்தவர் உட்கார்ந்தார். அவரைச் சுற்றி வெற்று நாற்காலிகளில் பித்தளை மின்னிக்கொண்டிருந்தது.

போச்சு, என்று நினைத்தார். விரலைப் பார்த்தார்.

விரல் அங்கே இல்லை. டாக்டர் எபர்வைன் இரண்டு கைகளையும் மார்பில் கோத்துக்கொண்டு, கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். இந்த பேண்டிடம் நவீனம் இல்லை, துணிச்சல் இல்லை என்று உள்ளூர்ப் பத்திரிகையில் அவர் எத்தனை வருஷமாக எழுதி வந்தவர். இதோ, மின்னணுக் கீச்சொலிகளின் கோரஸ். இதோ, தங்கள் வாத்தியங்களைத் துறந்து வெளியேறும் கலைஞர்கள். மேயர் மனைவியின் பக்கம் சாய்ந்து அவர் கிசுகிசுத்தது மூன்று வரிசைக்குக் கேட்டது:

"சமூகம் நீதிபதியைக் கைவிடுது. புரியுதா? இவ்வளவு தைரியத்தை நான் எதிர்பார்க்கல."

மேயர் மனைவிக்குப் புரிந்தது வேறு. அவள் கணவரும் எழுந்து போயிருந்தார். ஆனாலும் பெரிய மனிதர் சொல்கிறாரே என்று தலையாட்டினாள்.

நீதிபதி சதுக்கத்துக்கு வந்துவிட்டார். எக்பர்ட் டியூபாவை அணைத்துக்கொண்டார். ஊதியே ஆக வேண்டும். எதை ஊதுவது? மெட்டு ஃபால்கோவுடையது. நாற்பது வருஷம் மெட்டுக்கு அடியில் இருந்தவருக்கு மெட்டு வாயில் வராது. தெரிந்ததை ஊதினார், தன் பங்கை மட்டும். பூம். ஒரு நீண்ட இடைவெளி. பூம்.

வெளியே வண்டிகள் உறுமிக் கிளம்பின. நீல வெளிச்சம் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே வந்து, சுவரில் ஓடி, திரையின் கருமேகங்களைத் துடைத்துவிட்டுப் போயிற்று. டாக்டர் கண்ணைத் திறந்து அதையும் கலையாக ஒப்புக்கொண்டார். சைரன் தூரமாகித் தூரமாகிக் கரைந்தது. அப்போது திரையில் மழை கொட்டத் தொடங்கியது.

அந்தக் காட்சியை எக்பர்ட் எத்தனை தடவை பார்த்திருப்பார் என்று அவருக்கே கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் தண்ணீரைத்தான் பார்த்திருக்கிறார்: எங்கே கனமாக விழுகிறது, எங்கே குழாய் நகர்கிறது, எது தாத்தாவின் பக்கம். இன்றைக்குப் பக்கத்தில் சாய்ந்துகொள்ள ஓர் ஆள் இல்லாமல், அடுத்த 'பூம்' எப்போது என்று திரையிலிருந்தே பிடிக்க வேண்டியிருந்ததால், நீதிபதியின் முகத்தைப் பார்க்க நேர்ந்தது. முதல் தடவையாகப் பார்த்தார். அந்த மனிதர் மழைக்காக மண்டியிடவில்லை. செய்ததை இனி மாற்ற முடியாது என்பதற்காக மண்டியிட்டார். தண்ணீர் அவர் கண்ணிமையில் விழுந்தது, அவர் துடைக்கவில்லை. அடடா, இந்த ஆளைப் பார்க்காமல் நூறு வருஷமாக நாம் தண்ணீரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோமே என்று பட்டது எக்பர்ட்டுக்கு. அந்த முகம் மூச்சு வாங்கியபோது அவரும் வாங்கினார். அது குனிந்தபோது ஒன்று ஊதினார். நடுவில் விட்ட இடமெல்லாம் மௌனம். அதில் ஊரில் ஒருவர்கூட இருமவில்லை.

முடிந்தது. விளக்கு வந்தது. அப்புறம் கைதட்டல் கூரையை உலுக்கிற்று.

டாக்டர் எபர்வைன் மடிக்கணினியைப் பக்கத்து நாற்காலியில் கடாசிவிட்டு, சால்வை நழுவ ஓடி வந்து எக்பர்ட்டின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் உண்மையாகவே ஈரம். தான் தவறாக எடைபோட்டுவிட்டதாகச் சொன்னார். அடுத்த வசந்தத்தில் எர்ஃபுர்ட்டில் ஒரு விழா நடக்கிறது, அதற்கு எக்பர்ட்டைப் பரிந்துரைக்கப் போவதாகச் சொன்னார்.

"அங்கயும் இப்படியே வேணும். முதல்ல எல்லாரும், கடைசியில நீங்க தனியா. இனிமே அந்த முடிவுல குழுவைச் சேர்க்கவே சேர்க்காதீங்க."

பொய் சொல்வானேன், எக்பர்ட்டுக்கு அது தேனாக இனித்தது. எர்ஃபுர்ட்! மேடையில் தான் மட்டும்! சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. வாசலில் இடுக்கியோடு நின்ற ஹெல்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவர் பார்த்தது அவளை அல்ல. நாற்காலிமேல் கிடந்த ஃபால்கோவின் டிரம்பெட்டை.

"டாக்டர்," என்றார். "அது அலாரம்."

"எது?"

"அந்தக் கீச்சுக் கீச்சு. மோல்விட்ஸ்ல வைக்கோல் கொட்டகை பத்திக்கிச்சுன்னு ஃபால்கோ போறப்ப சொல்லிட்டுப் போனான். தீயணைக்கப் போயிருக்காங்க."

டாக்டர் ஒரு கணம் தடுமாறினார், ஒரு கணம்தான். விபத்தைத் தனக்குள் இழுத்துக்கொள்வதுதான் கலை என்றும், தனக்கு அது ஒருவாறு தெரிந்தே இருந்தது என்றும் ஆரம்பித்தார். எக்பர்ட் அவரை முடிக்க விடவில்லை. அப்படிச் செய்வது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"அந்த ஒரு பாட்டுக்கு மூணு மாசமா உயிர விட்டிருக்காங்க, டாக்டர். அது வர்ற நேரம் எந்திரிச்சுப் போறாங்க. ஒருத்தனாவது திரையத் திரும்பிப் பாத்தானா? ஒருத்தனும் பாக்கல. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். நீங்கதான் கண்ண மூடிக்கிட்டிருந்தீங்க."

சொல்லி முடித்தபோது எக்பர்ட்டின் மார்பு பட்டனைத் தெறிக்க வைக்கும் அளவுக்குப் பெருத்திருந்தது. தாத்தாவைப் பற்றிச் சொன்னபோதுகூட அவ்வளவு பெருத்ததில்லை. தாத்தாமார் இறைத்த மழை இங்கே ஒரு திரையில் பெய்துகொண்டிருக்க, பேரன்மார் இன்னொரு மழையை எங்கேயோ இறைத்துக்கொண்டிருந்தார்கள். படம் பிடிக்க அங்கே யாரும் இல்லை.

கூட்டம் வீட்டுக்குப் போகவில்லை. சாப்பிட்டுக்கொண்டு, மோல்விட்ஸ் பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. வண்டிகள் திரும்பி வந்தபோது ஃபால்கோ புருவம் கருகி, தலையிலிருந்து கால்வரை நனைந்து இறங்கினான். கொட்டகை போய்விட்டது, வீடும் மாடுகளும் தப்பின என்றான். அவனுக்குப் பின்னால் இறங்கியவன் சொன்னான்:

"நாப்பதாயிரம் லிட்டர் கொட்டியிருக்கோம். இனிமே அவனுங்க தாராளமா சொல்லிக்கலாம், மோல்விட்ஸ்லயும் மழை பெஞ்சுதுன்னு."

சிரிப்பு அடங்கியதும் ஃபால்கோ எக்பர்ட்டிடம் வந்தான். தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்: "மழை எப்படி இருந்துச்சு, தலைவரே?"

எக்பர்ட் யோசித்தார். ஆள் இல்லாம இருந்துச்சு என்றார். பிறகு குரலை உயர்த்தி, கடைசி ரீலை மறுபடி ஓட்டலாமா என்று பொதுவாகக் கேட்டார்.

டாக்டர் எபர்வைன் ஆட்சேபித்தார். உன்னதம் இரண்டு தடவை நிகழாது, நிகழவைத்தால் முதல் தடவையும் கெட்டுப்போகும் என்றார். உண்மையில் அவர் அன்றைக்குச் சொன்னவற்றில் அது ஒன்றுதான் சரி. ஆனால் ஆஷன்ரோடேயில் எந்த உன்னதத்தையும் ஓட்டுக்கு விட்டாக வேண்டும். கைகள் உயர்ந்தன. எதிராக ஒன்று. அது கூட்டக் குறிப்பில் ஏறியது.

ஈர உடுப்போடு, புகை வாடையோடு அவர்கள் தங்கள் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். நீதிபதி மறுபடியும் கதவைத் திறந்துகொண்டு வந்தார். பாதி வேகம் என்று மூன்று மாதம் படித்தது ஒருவருக்கும் நினைவில்லை. தீயிலிருந்து வந்தவர்களின் ரத்தம் என்ன வேகத்தில் ஓடியதோ அந்த வேகத்தில் வாசித்தார்கள். பெருமுரசு முந்திக்கொண்டது. கிளாரினெட் வேறு ஏதோ பக்கத்தைத் திறந்து வைத்திருந்தது. ஊர் சும்மா இருக்குமா, அதன் பாட்டாயிற்றே, பாடத் தொடங்கிவிட்டது. முதல் தடவையோடு ஒப்பிட்டால் படுமோசம். எக்பர்ட்டுக்கு அது நன்றாகத் தெரிந்தது. எர்ஃபுர்ட் கூரையேறிப் பறந்து போவதை அவர் கண்ணாலேயே பார்த்தார். அடியில் கிடந்து எல்லாரையும் தாங்கி ஊதினார்: பூம், பூம்.

உச்சத்துக்கு ஏறும் இடத்தில், புகை குடித்திருந்த ஃபால்கோவின் மூச்சு முறிந்தது. டிரம்பெட் வாத்து மாதிரிக் கத்திவிட்டு நின்றது. மூன்று மாதப் பயத்தில் எக்பர்ட்டின் கண் தானாகவே முன் வரிசைக்குப் போயிற்று, விரலைத் தேடி.

டாக்டர் எபர்வைனின் ஒரு கையில் பியர்க் குவளை, மறு கையில் கடுகுச் சாந்து வழியும் தொத்திறைச்சி. சால்வையைக் காணோம். ஃபால்கோ விட்ட இடத்தை, கண்ணை அகலத் திறந்து திரையைப் பார்த்தபடி, சுருதி கொஞ்சம் தப்பி, உரத்த குரலில் அவர் பாடிக்கொண்டிருந்தார்.